எருமைத்தலைச் சட்டை

புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு முத்திருளன் திரும்பினான். அவன் அம்மா ராமக்காள் சடாரென்று குனிந்து அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பெற்ற தாய் காலில் விழுந்தால் யாருக்குத்தான் பதறாது?

"என்னம்மா பண்ற?"

"ஒத்த வார்த்த சொல்லலையே சாமி. தாடி வளக்குற, முடி வளக்குற, எவகிட்டயோ ஏமாந்து போய்த்தான் இப்படித் திரியுறியோன்னு நான் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன். மலைக்குப் போறேன்னு சொன்னா நான் என்ன வேண்டாம்னா சொல்லப் போறேன்?"

முத்திருளன் குனிந்து சட்டையைப் பார்த்தான். கன்னங்கரேலென்ற டி-ஷர்ட். நெஞ்சில் கொம்பு விரித்த எருமைத் தலை, கண்ணில் தீ. 'அயர்ன் பஃபலோ' என்ற பெங்களூர் மெட்டல் இசைக் குழுவின் சின்னம் அது.

"ஏம்மா, இந்த எருமையப் பாத்துமா மலைக்குன்னு நெனச்ச?"

"எனக்குத் தெரியாதாக்கும்? ஐயப்பன் வதம் பண்ணுன மகிஷிதான அது? முருகம்மா மகன் வெறும் கறுப்பு வேட்டி கட்டிட்டே அம்புட்டு அலட்டுறான். ஏம் புள்ள கதையவே நெஞ்சுல போட்டுருக்கான்."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ராமக்காள் அதைச் சட்டியோடு தூக்கி எதிர்வீட்டு முருகம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்து வீட்டைக் கழுவ ஆரம்பித்தாள். உண்மையைச் சொல்வதென்றால் சட்டி வாசலைத் தாண்டுவதற்குள் சொல்லியிருக்க வேண்டும். நம்மாள் வாசனை பிடித்துக்கொண்டே நின்றுவிட்டான்.

முத்திருளனுக்கு வீடு பரவையில். வேலை சிம்மக்கல்லில், பம்புசெட் சாமான் மொத்த வியாபாரக் கடையில். மெட்டல் பித்துப் பிடிக்க வைத்தவன் அவன் பள்ளிக்கூடச் சிநேகிதன் சாய்பிரசாத். திருமங்கலம் ரோட்டில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் படிக்கிறவன். அவன் பதிவு பண்ணிக் கொடுத்த கேசட்டை முதல் தடவை போட்டபோதே முத்திருளனுக்குத் தலை தானாக ஆடியது.

"மாப்ள, நம்ம ஊர்ல சாமியாட அடிக்கிற அடிதானடா இது? இத எதுக்குப் பெங்களூர்லருந்து வாங்கணும்?" என்று கேட்டவன், அப்புறம் அந்தக் கேசட் இல்லாமல் தூங்குவதில்லை. வாக்மேனில் ஒரு காதுதான் வேலை செய்யும். அந்த ஒற்றைக் காதில்தான் இவ்வளவு காலமும் கேட்டான்.

இப்போது அந்த அயர்ன் பஃபலோவே நேரில் வருகிறது. மார்கழியில் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு, சாய்பிரசாத்தின் காலேஜ் மைதானத்தில். "முடி வேணும் மாப்ள. முடி இல்லாமத் தலையாட்டுனா கழுத்து சுளுக்குன ஆள் மாதிரி இருக்கும்" என்று சாய்பிரசாத் சொன்னதால்தான் முடியும் தாடியும். டி-ஷர்ட்டும் அவன் வாங்கித் தந்ததுதான்.

பாக்கி ஒன்றே ஒன்று. சனிக்கிழமை லீவு வேண்டும்.

கடை முதலாளி வெள்ளைத்துரை சனிக்கிழமை லீவு கொடுத்ததாகச் சரித்திரம் கிடையாது. வெளியூர்க் கடைக்காரர்கள் எல்லாம் சரக்கு எடுக்க வருகிற நாள் அது. "சனிக்கிழமை உனக்குக் கல்யாணமே வச்சாலும், சாப்பாட்டு நேரத்துல போயித் தாலியக் கட்டிட்டு வந்துரு" என்று ஒருத்தனிடம் நேருக்கு நேராகவே சொன்ன மனிதர். அவன் பாவம், வெள்ளிக்கிழமையில் கட்டிக்கொண்டான்.

மறுநாள் காலை அதே எருமைச் சட்டையோடு கடைக்குள் நுழைந்தான் முத்திருளன். வெள்ளைத்துரை கல்லாவை விட்டு எழுந்தார். கார்த்திகை பிறந்ததுமே மாலை போட்டுவிடுகிறவர் அவர். வருஷா வருஷம் ஆள் சேர்த்து வேன் பிடித்து மலைக்குக் கூட்டிப் போகிற குருசாமி.

"சாமி சரணம். என்னய்யா, சொல்லவே இல்ல? உக்காருங்க சாமி."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த மரியாதையை எல்லாம் கூட்டினாலும் இந்த ஒரு 'உக்காருங்க'வுக்கு ஈடாகாது. அடித்தது யோகம் என்று முத்திருளன் உடனே காரியத்தில் இறங்கினான்.

"மொதலாளி, மார்கழி ரெண்டாவது சனிக்கிழம லீவு வேணும்."

"மலைக்குத்தான?"

"ம்… ஆமா மொதலாளி."

"தாராளமா. குருசாமி யாரு? கழுத்துல மாலையக் காணோம்?"

"இனிமேத்தான்…"

"அட, கையிலயே வெண்ணெய வச்சுக்கிட்டா நெய்க்கு அலையுறீங்க? சாயந்தரம் கோயிலுக்கு வாங்க, நானே போட்டு விடுறேன். நானும் இந்த வருஷம் எந்தத் தேதியில கெளம்புறதுன்னு மண்டையப் போட்டு ஒடச்சுக்கிட்டு இருந்தேன். ஐயப்பன் உங்க வாயால சொல்லிட்டான். அந்தச் சனிக்கிழமையே வண்டியக் கட்டுவோம்."

லீவு கேட்கப்போய்த் தேதி குறித்துக் கொடுத்த கதையாகிவிட்டது. சாயங்காலம் கழுத்தில் துளசிமணி மாலை ஏறியது. கறுப்பு வேட்டியும் சட்டையும் முதலாளி செலவு. ராமக்காள் எருமைத்தலை டி-ஷர்ட்டை மடித்துச் சாமி படத்துப் பக்கத்தில் வைத்தாள். எருமையின் இரண்டு கொம்புக்கும் சந்தனம் வைத்தாள்.

அன்றிலிருந்து விடியலில் பச்சைத் தண்ணிக் குளியல், காலில் செருப்பு இல்லை, சால்னாவோடு புரோட்டா இல்லை. சைவச் சாப்பாட்டுக்கு நாக்கு செத்துப்போனது. சாய்பிரசாத்திடம் போய்ப் புலம்பினான்.

"மாப்ள, கச்சேரியும் சனிக்கிழம, வேனும் சனிக்கிழம. என்னடா செய்ய?"

"பேசாம நீ சாமியே இல்லன்னு அவரே தூக்கிப் போடுற மாதிரி பண்ணிரு. பஜனையில பாடாத. காதுல வாக்மேன மாட்டிட்டு உம்முன்னு உக்காந்துரு. பக்தி இல்லாத பயன்னு கழட்டி விட்டுருவாரு."

நல்ல யோசனை மாதிரித்தான் இருந்தது. வெள்ளைத்துரை வீட்டுப் பஜனையில் முத்திருளன் மூலையில் உட்கார்ந்தான். வாக்மேனை இடுப்பில் செருகி, துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டான். எல்லோரும் கைதட்டிப் பாட, இவன் உம்மென்று இருந்தான். உம்மென்று இருந்தது கேசட்டின் முதல் பாட்டு வரைக்கும்தான். இரண்டாவதில் டிரம்ஸ் இறங்கியது. தலை லேசாக ஆடியது. பிறகு வேகமாக ஆடியது. துண்டு விலகி, வளர்த்து வைத்த முடியெல்லாம் முகத்தில் விழுந்து எழுந்தது. கண்ணைத் திறந்தபோது பஜனை நின்றிருந்தது. தேங்காய், பழம், கற்பூரத் தட்டோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

"அருள் வந்துருச்சு" என்றார் வெள்ளைத்துரை. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எத்தன வருஷமா மல ஏறுறேன். என் பஜனையில இதுதான் மொத அருள். இந்தச் சாமி ஏறாம என் வண்டி நகராது."

சாய்பிரசாத் சொன்ன யோசனையின் லட்சணம் அவ்வளவுதான்.

கடைசியில் முத்திருளன் தானே ஒரு வழி கண்டுபிடித்தான். ஐயப்பனை ஏமாற்ற அவனுக்கு மனசு இல்லை. விரதம் இருந்தது இருந்துவிட்டான், மலைக்குப் போய்த்தான் தீரவேண்டும். சனிக்கிழமை காலை இருமுடி கட்டியதும் வயிற்றுவலி என்று சொல்வது. நீங்கள் முன்னால் போங்கள், நான் பஸ்ஸில் வருகிறேன் என்பது. கச்சேரியைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிப் பம்பையில் சேர்ந்துகொள்வது. கச்சேரியும் ஆச்சு, சாமியும் ஆச்சு.

அந்தச் சனிக்கிழமை இருமுடி கட்டி முடித்து வேன் கிளம்பும் நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான்.

"மொதலாளி, நீங்க எல்லாரும் முன்னால போங்க. நான் பைய பஸ்ல வாரேன்."

"இருமுடி தாங்குன கன்னிச்சாமிய நட்டாத்துல விட்டுட்டுப் போனா நான் என்ன குருசாமி? யாரும் ஏற வேணாம். சாமிக்கு வலி நிக்கட்டும், அப்புறம் கெளம்புவோம்."

ராமக்காள் ஓமத் தண்ணி காய்ச்சிக் கொண்டுவந்தாள். கசாயம் கொண்டுவந்தாள். முருகம்மாள் வேறு ஏதோ பச்சிலையை அரைத்துக் கொண்டுவந்து வாயில் அடைத்தாள். மற்றச் சாமிகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து வயிற்றுக்காகச் சரணம் சொன்னார்கள். இதற்கு வேனே தேவலாம் என்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முத்திருளனுக்கு வலி நின்றது.

வேன் கிளம்பியது. ரயில்வே ஜங்ஷன் வாசலைத் தாண்டும்போது வெள்ளைத்துரை டிரைவர் தோளைத் தட்டினார்.

"நிப்பாட்டுப்பா. ஒரு சாமி தனியா நிக்குது."

தனியாக நிற்கிற சாமியைக் கண்டால் ஏற்றாமல் போகமாட்டார் அவர். கறுப்பு உடுப்பு, தாடி, தோள்வரை முடி, வெயிலில் வாடின முகம். வெள்ளைத்துரை இறங்கிப்போய்க் கும்பிட்டு, "வாங்க சாமி, உங்களுக்குத்தான் வண்டி நிக்குது" என்றார். அந்தச் சாமியும் மறுப்புச் சொல்லவில்லை. சாமானைத் தூக்கி டிரைவர் வேனின் தலையில் கட்டினான். நெற்றியில் சந்தனம் பூசியபோது அந்தச் சாமி நெகிழ்ந்துபோய்க் கும்பிட்டார். முத்திருளனுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அந்த நிமிஷமே தூங்கிவிட்டார். முத்திருளன் அவரைச் சரியாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனவன் கவலை அவனவனுக்கு.

திருமங்கலம் ரோட்டில் அந்தக் காலேஜ் வந்தது. கேட்டுக்கு மேலே எருமைத்தலை பேனர். வாசல் முழுக்கக் கறுப்புச் சட்டை. உள்ளே ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் அடுக்கியிருந்தது. சாய்பிரசாத்தும் இன்னொருவனும் ரோட்டின் நடுவிலேயே வந்து நின்று, மதுரைப் பக்கமாகக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனக்காகத்தான் நிற்கிறான் பாவம் என்று முத்திருளன் சீட்டை விட்டுப் பாதி எழுந்தான்.

"மொதலாளி, கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க. அவசரமா ஒண்ணுக்குப் போகணும்."

"பொறுங்க சாமி, கல்லுப்பட்டியில டீக்கு நிப்போம்." வெள்ளைத்துரை ஜன்னல் வழியாக வாயைப் பிளந்து பார்த்தார். "எம்புட்டு சாமி பாருங்க. காலேஜ் பயலுக கெட்டுப் போயிட்டாங்கன்னு எவன்யா சொன்னது?" என்றவர், தலையை வெளியே நீட்டி, "சாமியே" என்று அடித்தொண்டையில் கூப்பிட்டார்.

"சரணம் ஐயப்பா" என்று கேட்டே அதிரப் பதில் வந்தது. பயல்களுக்குக் கத்துவதற்கு ஒரு சாக்குக் கிடைத்தால் போதாதா?

வேன் போய்க்கொண்டே இருந்தது. பேனர் எருமை சின்னதாகிச் சின்னதாகி மறைந்துபோனது. முத்திருளன் அழுதான். வெட்கமில்லாமல் அழுதான்.

கல்லுப்பட்டியில் வேன் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். தூங்குகிற சாமியும் முத்திருளனும்தான் உள்ளே. ஓடிவிடலாம்தான். ஆனால் எதிரே வெள்ளைத்துரை வந்துகொண்டிருந்தார், கையில் டீ கிளாஸோடு. கடையில் ஒரு நாளும் யாருக்கும் டீ வாங்கித் தராத மனிதர். அவன் கண்ணீரைப் பார்த்துவிட்டார்.

"பக்தியில அழுகுறீங்களா சாமி? அழுங்க. மொத தடவ நானும் இப்படித்தான் அழுதேன். சுக்குப் போட்டுருக்கேன், வயித்துக்கு நல்லது" என்று கிளாஸைக் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனார்.

டீ நன்றாக இருந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது. ஊரே சாமி என்று கூப்பிடுகிறது, அம்மா தெருவெல்லாம் பெருமை பேசுகிறாள், சிடுமூஞ்சி முதலாளி டீ சுமக்கிறார். ஒரு கச்சேரிக்கு இம்புட்டு அழுகை எதற்கு? அயர்ன் பஃபலோ எங்கே போய்விடப்போகிறது, இன்னொரு வருஷம் வராமலா இருக்கும்? முத்திருளன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். முதல் தடவையாக, யாரும் சொல்லாமலே, வாய்க்குள் சரணம் சொல்லிக்கொண்டான். மனசு லேசாகிவிட்டது.

பக்கத்து சீட்டுச் சாமி அசைந்து, துண்டை விலக்கிச் சோம்பல் முறித்தார். வெளியே தெரிந்த டீக்கடையையும் வெயில் சாய்வதையும் பார்த்துவிட்டு, தூக்கக் கலக்கத்தில் சிரித்தபடி கேட்டார்:

"பிக்கப் பண்ண வண்டி வரும்னு சொன்னாங்க, இவ்வளவு மரியாதையா வரும்னு நினைக்கலை பிரதர். காலேஜ் இன்னும் எவ்வளவு தூரம்? பேண்டு ஆளுங்க நேத்தே போயிட்டாங்க, ஆறு மணிக்கு நான் கிட்டாரை எடுத்தாத்தான் அவங்க ஆரம்பிக்கவே முடியும்."