தலையணைக்குள் இருந்த இனாம்

"வேணாம்னா வேணாம். ரூம்பு சுத்தமாத்தான் இருக்கு. போ முத்தம்மா!"

கால்வாசி திறந்த கதவை உடம்பால் அடைத்துக்கொண்டு கெஞ்சினார் உடையப்பச் செட்டியார். வெளியே துடைப்பமும் வாளியுமாக நின்ற முத்தம்மா அசைவதாக இல்லை. ஈப்போவில் அந்த விடுதியின் அறைகளைப் பெருக்கித் துடைப்பது அவள்தான்.

"நேத்து வந்தீங்க. மெத்தை தட்டல, தலகாணி தட்டல. கணக்கெழுதுற கிராணி என்னையத்தான் ஏசுவாருலா."

தலகாணி என்றதும் செட்டியார் கதவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பின்னே? பாரிட் புந்தாரில் வாங்கி, இடுப்பில் சுற்றி, ரயிலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொண்டுவந்த மூன்று ஆழாக்கு அரிசியல்லவா கட்டிலில் கிடந்த இரண்டு தலையணைகளில் ஒன்றுக்குள் இருந்தது! ஜப்பான்காரன் ஆட்சியில் அரிசியோடு ஊர்விட்டு ஊர் போகிறவன் அகப்பட்டால் முதுகுத்தோல் மிஞ்சாது. விடுதிக்குள்ளும் வந்து இடுப்பைத் தடவுகிறார்கள் என்று கேள்விப்பட்டதால்தான், தலையணையைப் பிரித்து உள்ளே கொட்டித் தைத்து வைத்திருந்தார்.

காம்பாரில் மகள் செகப்பியின் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை சோறூட்டு. ஊரெல்லாம் மரவள்ளிக்கிழங்கைத் தின்னட்டும், முதல் பேரன் வாயில் முதல் வாய் கிழங்கா? "அப்பச்சி அரிசியோடதான் வருவேன்" என்று சொல்லியனுப்பிவிட்டார் மனிதர். காம்பார் ரயிலோ இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தது.

மடியிலிருந்து, ஜப்பான்காரன் அச்சடித்த பத்து வெள்ளி வாழைமர நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இந்தா, இனாம். நான் கிளம்புற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே."

முத்தம்மா நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வராமல் இருப்பாளா? மனசாட்சி உள்ளவள். சாயங்காலமே வந்து கதவைத் தட்டினாள்.

"சும்மா காசு வாங்கி எனக்குப் பழக்கமில்ல, செட்டியாரையா. பத்து வெள்ளிக்கு ரெண்டு தடவையாச்சும் கூட்டணும்லா."

செட்டியார் தலையில் அடித்துக்கொண்டார். நோட்டு வேலைக்கு ஆகவில்லை. அன்றைக்குக் காசைவிடச் சவுக்காரம் பெரிது. ரங்கூனிலிருந்து எப்போதோ வந்து, பூட்டிவைத்துக் காப்பாற்றிய அரைக்கட்டிச் சவுக்காரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தார். கொடுக்க மனசே வரவில்லை. பேரனை நினைத்துக்கொண்டு கொடுத்துவிட்டார்.

"வீட்டுக்குக் கொண்டுபோ. பிள்ளைகளைக் குளிப்பாட்டு. இங்கே எட்டிப் பார்க்காதே."

முத்தம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆத்தாடி, சவுக்காரம்! முதல்ல உங்க தலகாணி உறையத்தான் துவைப்பேன். எடுங்க."

"ஐயையோ!"

"எண்ணெய்ப் பிசுக்கு நாறுதுலா. நீங்க ஒதுங்குங்க, நானே உருவிக்கிறேன்."

"நில்லு, நில்லு! நானே உருவித் தர்றேன்!"

கதவைச் சாத்திவிட்டுப் பதறிப் பதறி இரண்டு உறைகளையும் உருவி வெளியே நீட்டினார். திரும்பிப் பார்த்தால் இரண்டு தலையணைகளும் அம்மணமாகக் கிடந்தன. எது எது என்று யார் கண்டது? நல்லவேளை, இரண்டும் அறைக்குள்தானே இருக்கின்றன என்று மனசைத் தேற்றிக்கொண்டு, இரண்டையும் இரண்டு கக்கத்திலும் இடுக்கியபடி படுத்தார்.

மறுநாள் காலை ரயில் வந்துவிட்டது. பத்து மணிக்குப் புறப்பாடு. செட்டியார் இடுப்புத் துணியை விரித்து, அரிசியை மாற்றத் தயாரான நேரத்தில் கதவு அதிர்ந்தது.

"செட்டியாரையா! மத்தியானம் ஜப்பான் ஆபீசருங்க தங்க வாராங்களாம். மெத்தை தலகாணி எல்லாத்தையும் வெயில்ல போட்டு அடிக்கச் சொல்லிட்டாரு கிராணி. குடுங்க!"

அடிப்பதாமே! பிரம்பால் நாலு அடி விழுந்தால் முற்றமெல்லாம் அரிசியாகக் கொட்டும். அப்புறம் செட்டியாருக்கு விழுவதை எண்ண முடியாது.

"அரை மணி நேரம் பொறு, தாயி!"

"முடியாதுலா. கிராணி கீழயே நிக்கிறாரு. நானே வந்து எடுத்துக்கிறேன்." கதவை அவள் தோளால் தள்ளினாள்.

இனி இதைவிட்டால் வழியில்லை. ஒரு காலால் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு, எட்டிய தலையணையை இழுத்துத் தையலைப் பிரித்தார். சட்டென்று பிரிய மறுத்தது. 'அட, அவசரத்திலும் எவ்வளவு நெருக்கமாகத் தைத்திருக்கிறேன்!' என்று தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டார். பஞ்சுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். அரிசியெல்லாம் நொய்யாகக் கிடந்தது. பாவி, இந்தக் கனத்த தலையை வைத்துப் படுத்தே நொறுக்கிவிட்டேனே என்று உருகினார். போகட்டும், பேரனுக்குப் பல் முளைக்காத வாய், நொய்தான் நல்லது.

கதவைத் திறந்து, அந்தப் பிடியை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"இந்தா. அரிசி! யார்கிட்டயும் மூச்சு விடாதே. உன் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சு. எனக்கு அரை மணி நேரம் மட்டும் குடு."

முத்தம்மா கையைத் திறந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கண் கலங்கியது.

செட்டியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "அழாதே. இந்தக் காலத்துல அரிசிய இனாமாக் குடுக்க ஒரு மனசு வேணும். எனக்கு இருக்கு, குடுத்தேன்."

முத்தம்மா அவரைத் தாண்டி, கட்டிலில் வாய்பிளந்து கிடந்த தலையணையை எட்டிப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலைத் தணித்தாள்.

"இது ரெண்டு மாசமா அடுப்படியில சிந்தினதப் பொறுக்கி, கிராணி கண்ணுல படாம நான் இங்க சேத்து வச்ச நொய்யிலா, செட்டியாரையா. அப்ப உங்க அரிசி அந்தத் தலகாணிலதான் இருக்கும்!"