பூட்டுக்காரர் முழுங்காத மாத்திரை

ஊரில் எந்தப் பூட்டையும் திறந்துவிடும் பூட்டுக்காரர், வீட்டில் வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்தான். அந்த வாய்க்கும் ஒருநாள் வந்தது சோதனை.

“என்னங்க, தூக்கத்துல ஒரே ஏப்பம். வயித்து அமிலம் மேல ஏறுதாம். தினம் நீங்க ஒரு மாத்திரை போடணுமாம்” என்றாள் மனைவி.

“யாரு சொன்னா?”

“டாக்டர்.”

மாத்திரை என்றாலே அவருக்குத் தொண்டை பூட்டிக்கொள்ளும். மறுத்தால் வீடு ரெண்டாகும். எனவே மாபெரும் திட்டம் ஒன்று தீட்டினார். மாத்திரையை வாயில் ஒதுக்கிக்கொள்வார். மனைவி தலை மறைந்ததும் வாழைப்பழத் துண்டில் செருகி சப்பைக்குக் கொடுத்துவிடுவார். சப்பை, அவர்கள் வளர்க்கும் சப்பை மூஞ்சி நாய். லபக்கென்று விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்கும்.

ஒரு மாதம் காதும் காதும் வைத்தாற்போல் நடந்தது. பிறகு மனைவி குண்டைப் போட்டாள்.

“சப்பைக்குத் தொண்டைக்குள்ள கேமரா விட்டுப் பாக்கப் போறாங்க. கிளம்புங்க.”

பூட்டுக்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஒன்றா ரெண்டா, அத்தனையும் மனுஷ மாத்திரை! கால்நடை மருத்துவமனையில் சப்பை, மயக்க ஊசி போட்டதில் நாக்கைத் தொங்கவிட்டுக் கிடந்தது. பெற்ற பிள்ளையைப் போல வளர்த்ததைக் கொன்றுவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

மருத்துவர் திரையைப் பார்த்தபடியே பேசினார். “மூக்கு அமுங்கின நாய் மூச்சு விடவே பாடுபடும். இழுக்கிற இழுப்புல அமிலமும் மேல வந்து உணவுக்குழாயை அரிச்சுடும். போன மாசம் பார்த்தப்போ பூரா புண்ணு. இப்போ…”

“தப்பு என்னோடதுதான், டாக்டர்.” பூட்டுக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. “என் மாத்திரையெல்லாம் இதுக்குக் குடுத்துட்டேன்.”

“உங்க மாத்திரையா? இதுக்குன்னு நான் எழுதின மாத்திரைங்க அது. புண்ணு ஆறிடுச்சுன்னு சொல்ல வந்தேன்.”

பூட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார்.

“நான் குடுத்தா துப்புதுங்க. உங்களுக்குப் பிடிக்காததையெல்லாம் நீங்க அதுக்குத்தானே தள்ளுவீங்க? அதான் உங்களுக்குன்னு சொன்னேன்” என்றாள் அவள் சாவதானமாக.

“அப்போ அந்த ஏப்பம்?”

“சப்பையோடது.”

“எனக்கு வியாதியே இல்லையா?”

“இருக்கே. நான் சொல்றதைக் கேக்காத வியாதி. அதை வெச்சுத்தானே இதைக் குணமாக்கினேன்.”