நாலு அஞ்சு போடு

வரலாறு படிப்பிப்பவர்கள் இல்லாததைச் சொல்லமாட்டார்கள் என்றொரு நம்பிக்கை எங்கள் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை நானே கையால் கெடுக்க வேண்டியதாகிவிட்டது.

இருபத்தாறு வருடமாகக் கற்பிட்டியில் வரலாற்று ஆசிரியராக இருக்கிறேன். "ஆதாரம் எங்கே?" என்று நான் கேட்டுக் கேட்டு அழவைத்த பிள்ளைகளில் சிலர் இன்று தங்கள் பிள்ளைகளை என்னிடமே கொண்டுவந்து விடுகிறார்கள் (பழிவாங்கல் என்றுதான் நினைக்கிறேன்). அப்படிப்பட்ட நான், ஆதாரம் எட்டடி தூரத்தில் குசினிக்குள் நின்று மிளகாய் வறுத்துக்கொண்டிருக்கும்போது, கதிரையை விட்டு எழும்பப் பஞ்சிப்பட்டு ஒரு முழுப் பரம்பரையையே உற்பத்தி செய்தேன்.

அந்த ஆதாரத்தின் பெயர் ஜெஸீமா. என் மனைவி. கூனிச் சம்பல் செய்வாள். கடலோரக் களப்பில் பிடித்து வெயிலில் காயவைக்கும் நகக்கண் அளவு இறாலைத்தான் நாங்கள் கூனி என்போம். அதை வறுத்து, செத்தல் மிளகாயும் உள்ளியும் பழப்புளியும் சேர்த்து அவள் அரைத்து எடுக்கும் சம்பலை ஒரு விரல் தொட்டால் ஒரு றாத்தல் பாண் போகும். உறவினர் வீடுகளுக்குப் போத்தல் போத்தலாகப் போய்க்கொண்டிருந்த சம்பலுக்கு எங்கள் மகள் ஹஸ்னா முகநூலில் ஒரு பக்கம் திறந்தாள். படம் போட்டாயிற்று, பெயர் போட்டாயிற்று. அறிமுகக் குறிப்பு என்ற இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

அந்த நேரத்தில்தான் புத்தளத்தில் பெண்களின் உற்பத்திப் பொருள் கண்காட்சிக்கு ஜெஸீமாவுக்கு ஒரு மேசை கிடைத்தது. வீட்டுப் படலையைத் தாண்டி அவளுடைய சம்பல் அவள் பெயரோடு வெளியே போகும் முதல் நாள். ஒரு வாரமாக அவளுக்கு நித்திரை சரியில்லை. "எங்கட ஆக்களும் வருவாங்க, இஞ்ச பாருங்க, எல்லாம் ஒழுங்கா இருக்கணும்" என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னாள். நான் இரண்டு தரமும் தலையாட்டினேன். எங்கட ஆக்கள் என்றால் யார் என்று யோசிக்கவில்லை.

"குறிப்பை நான் எழுதுறேன்" என்றேன். எழுத்து வேலை என்றால் இந்த வீட்டில் நான்தானே.

"நீங்க எழுதினா நாலு பக்கம் போகும் வாப்பா" என்றாள் ஹஸ்னா. "ஏஐக்கிட்டச் சொல்லுங்க, அது மூணு வரியில தரும். ஆனா நல்லா விளங்கப்படுத்தணும். யாரு, என்ன செய்றாங்க, யாருக்கு விக்கிறாங்க, மத்தவங்கட சம்பலவிட என்ன வித்தியாசம். அதச் சொல்லாட்டி அது பொதுவா அளக்கும்."

"எனக்கே படிப்பிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு, அவள் சொன்னதை ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டேன்.

என் முதலாவது கட்டளை கல்வி வலயத்துக்கு இடமாற்றம் கேட்டு எழுதும் கடிதம் போலிருந்தது. 'மதிப்புக்குரிய செயற்கை நுண்ணறிவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்' என்று தொடங்கி, 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்று முடித்தேன். அது மரியாதையாக ஸலாத்துக்குப் பதில் சொல்லிவிட்டு (என் வகுப்பில் பாதிப் பேர் சொல்வதில்லை) இப்படி எழுதித் தந்தது: 'கனவுகளைப் போத்தலில் அடைக்கும் ஆர்வமிக்க தொழில்முனைவோர். சுவையே என் சுவாசம்.' பக்கத்தில் ஒரு ரொக்கெட் படம். சம்பலுக்கும் ரொக்கெட்டுக்கும் உள்ள தொடர்பு, அதை வெறும் வயிற்றில் சாப்பிட்டவர்களுக்கு விளங்கலாம்.

'ரொக்கெட் வேண்டாம். கம்பீரமாக இருக்கட்டும்' என்றேன். அடுத்து வந்தது வானொலியில் வாசிக்கும் மரண அறிவித்தல் போலிருந்தது. 'அன்னாரின்' என்ற சொல் மட்டும்தான் இல்லை.

'இன்னும் உயிரோட்டமாக' என்றேன்.

அப்போதுதான் அந்த இயந்திரம் ஒரு கேள்வி கேட்டது. 'நிச்சயமாக. உங்கள் மனைவியைப் பற்றிச் சில விவரங்கள் தந்தால் உதவியாக இருக்கும். இந்தச் சம்பலை அவர் எங்கே, யாரிடம் கற்றார்?'

குசினியில் ஜெஸீமா மிளகாய்ப் புகையில் இருமிக்கொண்டிருந்தாள். குரலைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தால் போதும். ஆனால், கலியாணம் முடித்து இருபத்திரண்டு வருடமாகத் தின்பவன் இப்போது போய் "இதை எங்கே பழகினாய்?" என்று கேட்டால், இவ்வளவு நாளும் இவர் என்னத்தைத் தின்றார் என்று அவள் நினைக்கமாட்டாளா? வெட்கம் பாதி, பஞ்சி பாதி. 'கற்பிட்டி. குடும்பப் பரம்பரை' என்று தட்டினேன்.

'அருமை! எத்தனை தலைமுறைகளாக?'

'நாலு அஞ்சு போடு.'

'உறுதியாகத் தெரியாவிட்டால் எண்ணைத் தவிர்ப்பது நல்லது' என்றது அது. நான் என் மாணவர்களுக்குச் சொல்லும் அதே வார்த்தை, கிட்டத்தட்ட அதே குரல். ஆத்திரம் வந்துவிட்டது. 'போடு என்றால் போடு. ஊர்க் கோட்டையையும் சேர்' என்றேன்.

சேர்த்தது. 'ஒல்லாந்தர் கோட்டையின் நிழலில், ஐந்து தலைமுறைகளாகக் கைமாறி வரும் கற்பிட்டியின் பாரம்பரியச் சுவை. மண்ணின் மகளின் கைமணம்.' வாசிக்க வாசிக்க எனக்கே மயிர் கூச்செறிந்தது. இருந்த உற்சாகத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் எட்டடி நீளத்துக்கு ஒரு பதாகையாக அச்சடித்து, கோட்டைப் படமும் போட்டுச் சுருட்டி வைத்துக்கொண்டேன். ஆச்சரியப்படுத்த வேண்டுமாம்.

ஆச்சரியப்படுத்தினேன்.

கண்காட்சி மண்டபத்தில் ஜெஸீமா போத்தல்களை அடுக்கி முடித்து நிமிர்ந்தபோது நான் பதாகையை மேசைக்குப் பின்னால் கட்டி முடித்திருந்தேன். அவள் திரும்பிப் பார்த்தாள். மேலிருந்து கீழே ஒரு தரம் வாசித்தாள். முகம் மாறியது தெரிந்தது. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன் (அந்த அளவுக்கு மனித மனத்தை அறிந்தவன் நான்).

அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மைமூன் ராத்தா வந்துவிட்டார். மன்னாரில் ஜெஸீமாவின் உம்மாவுக்கு அடுத்த வீடு. வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்ட தொண்ணூறாம் ஆண்டு எல்லோரையும் போல உடுத்த உடுப்போடு கற்பிட்டிக்குப் படகேறி வந்து, அகதி முகாமிலும் அடுத்த குடிசை. அவருக்குப் பின்னால் அதே முகாமில் கிடந்தெழும்பிய நாலைந்து பெண்கள். எங்கட ஆக்கள் என்று ஜெஸீமா சொன்னது இவர்களைத்தான் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

மைமூன் ராத்தா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பதாகையை எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தார். ஒல்லாந்தர் வரை வந்து நிறுத்தினார்.

"எலா ஜெஸீமா, நீ எப்ப புள்ள கற்பிட்டிப் பரம்பரையான? அஞ்சு தலைமுறையாமே! அப்ப கொட்டிலுக்குள்ள என்ட பக்கத்துல இருந்து அம்மியில அரைச்சது உன்ட உம்மா இல்லயா?"

ஜெஸீமா தலையைக் குனிந்துகொண்டாள்.

"முப்பது வருஷத்துக்கு மேல இந்த ஊருல எங்களுக்குப் பேரு வந்த ஆக்கள்" என்றார் ராத்தா. குரலில் கோபமில்லை, அதுதான் கூடச் சுட்டது. "ஒரு சம்பல் நல்லா வந்தோடன அது மட்டும் முந்தியே இருந்த ஊர் ஆக்கள்டயா?"

"நான்தான் ராத்தா அப்பிடிப் போடச் சொன்னேன்" என்றாள் ஜெஸீமா. "பெனருக்கு நல்லா இருக்குமெண்டு."

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அதிபர் திட்டியிருக்கிறார், வாப்பா அடித்திருக்கிறார். ஆனால் அந்த இரண்டு வசனங்கள் போல எதுவும் இறங்கியதில்லை. அவளுடைய உம்மாவை அவள் வாயாலேயே மறைக்க வைத்துவிட்டேன். அதுவும் என் மானத்தைக் காப்பாற்ற. கையில் ருசி பார்க்கக் கொடுக்கும் கரண்டியோடு முன்னால் போனேன்.

"இல்ல ராத்தா. அவவுக்கு ஒண்டும் தெரியா. நான் எழுதினது. கேக்காம எழுதினது."

மைமூன் ராத்தா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "சேர் பள்ளிக்கூடத்துல என்ன படிப்பிக்கிறீங்க?"

"வரலாறு."

சிரித்தார் பாருங்கள்! மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பக்கத்து மேசையில் பன்புல்லில் இழைத்த பன்பை விற்றவர் என்னவென்று விசாரித்துவிட்டுச் சிரித்தார். "வரலாறாம் புள்ள!" என்ற செய்தி மண்டபத்தின் மறுகோடி வரை போய்த் திரும்பி வந்தது. கடைசியில் ஜெஸீமாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்புத்தானா என்று உற்றுப் பார்த்தேன். பாதி.

"பெனரத் திருப்பிக் கட்டுங்க" என்றாள்.

திருப்பிக் கட்டினேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஹஸ்னாவின் கறுப்புப் பேனையை வாங்கி ஜெஸீமா தானே எழுதினாள்: 'கூனிச் சம்பல். ருசி பார்த்துவிட்டு வாங்குங்கள்.' வெளிச்சம் படும்போதெல்லாம் அந்த எழுத்துக்குப் பின்னால் ஒல்லாந்தர் கோட்டை மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தது. மைமூன் ராத்தா இரண்டு போத்தல் எடுத்துக்கொண்டு, போகும்போது ஜெஸீமாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது முந்திரிப் பருப்புப் பொட்டலம் ஒன்றை வாங்கி நடுவில் வைத்தேன். பாலாவி தாண்டிய பிறகுதான் அதில் ஒன்றை எடுத்தாள்.

மறுநாள் காலை தேத்தண்ணி குடித்த கையோடு அவள் ஹஸ்னாவின் போனை வாங்கி மேசையில் வைத்தாள். "நான் சொல்றேன், அது எழுதட்டும். நீங்க வாய் திறக்காம இருங்க" என்று எனக்கு ஒரு கதிரையைக் காட்டினாள். இயந்திரம் அதே கேள்வியைக் கேட்டது. எங்கே, யாரிடம் கற்றீர்கள்?

அவள் இயந்திரத்துக்குச் சொல்வது போல எனக்குச் சொன்னாள்.

"எனக்கு அப்ப எட்டு வயசு. படகால இறங்கி முகாமுக்கு வந்தா சோத்துக்குக் கறியில்ல. இந்த ஊர்ப் பொம்பள ஒராள் ஒரு பன்பை நிறையக் கூனி கொண்டந்து உம்மாட கையில குடுத்துட்டுப் போனா. பேரு கூடச் சொல்லல்ல. மிளகாயக் கருகாம வறுக்கிற பக்குவம் யாழ்ப்பாணத்துல இருந்து வந்த ஒரு ராத்தா காட்டினா. அம்மி மைமூன் ராத்தாட. அரைச்சது என்ட உம்மா. நான் பக்கத்துல இருந்து நக்கிப் பாத்தேன், அவ்வளவுதான்."

அந்தப் பெயர் சொல்லாத பெண் என் உம்மாவாகக்கூட இருக்கலாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. அந்த நாட்களில் எங்கள் வீட்டிலிருந்தும் பானையும் பெட்டியுமாகச் சாப்பாடு கரைக்குப் போனது எனக்கு ஞாபகம். ஆனால் ஆதாரமில்லை. மூடிக்கொண்டேன்.

'மிக அழகான கதை' என்றது இயந்திரம். 'இப்போது உங்களுக்கு உதவுபவர்கள் யாராவது?'

ஜெஸீமா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்காட்சிக்குப் பிறகு முதல் தடவை, முழுதாக.

"என்ட மாப்பிள்ள போத்தல் கழுவுறார்."

இன்றைக்கும் அந்தப் பக்கத்துக்குப் போனால் பார்க்கலாம்: 'நான் ஜெஸீமா. எட்டு வயதில் மன்னாரிலிருந்து படகில் வந்தேன். கூனி இந்த ஊர், வறுவல் யாழ்ப்பாணம், அம்மி மைமூன் ராத்தாவுடையது, கை என் உம்மாவுடையது. போத்தல் கழுவுவது கணவர்.' கடைசி வரியை எடுக்கச் சொல்லி ஹஸ்னாவிடம் இரண்டு தரம் விண்ணப்பித்தேன். சனம் அதைத்தான் விரும்பி வாசிக்கிறதாம். பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்து வரும்போது, "சேர், போத்தல் காஞ்சிட்டா?" என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது கோபப்படுவதில்லை. நல்ல வெயிலென்றால் அரை மணித்தியாலத்தில் காயும்.

'நாலு அஞ்சு போடு' என்பது வீட்டில் தனி வழக்காகிவிட்டது. டொக்டர் எனக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டால், நான் வாயைத் திறக்குமுன் ஹஸ்னா சொல்கிறாள்: "நாலு அஞ்சு போடுங்க டொக்டர்."

நான் திருந்திவிட்டேன் என்பதை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன். எதுவானாலும் இப்போது எழும்பிப் போய்க் கேட்கிறேன். போன வாரம் அவள் வெளியே கூனி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி ஊற்ற நான் குசினிக்குள் நின்றேன். அவளுக்கு எத்தனை கரண்டி சீனி என்று எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. முன்பென்றால் மனம்போல அள்ளிப் போட்டிருப்பேன். கரண்டியோடு வாசல்வரை நடந்துபோய், மரியாதையாகக் கேட்டேன்.

"ஜெஸீமா, உங்களுக்குச் சீனி எத்தன கரண்டி?"

அவள் நிமிரவே இல்லை.

"நாலு அஞ்சு போடுங்க."