முகர்ந்து பாராத மாலை

பக்தி முதிர முதிரப் பணிவு வரும் என்று நம்பித்தான் ஐம்பது ஆண்டுகளாகத் திருப்பாடல்களை மனப்பாடம் செய்தேன். பணிவு வரவில்லை, குரல் மட்டும் பெரிதாயிற்று. அந்தக் குரலால் நான் செய்த கேட்டைப் பிறர் சொல்லக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதால், இம்முறை நானே எழுதிவிடுகிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, தை மாதக் கடைசி. அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்று, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு அருகே கட்டிய வீட்டில் குடியிருந்தேன். வீட்டின் பின்புறம் பதினாறு அடிக்குப் பன்னிரண்டு அடி வெற்றிடம். பனி விலகி இளவேனில் வருவதற்குள் அங்கே ஒரு நந்தவனம் அமைத்துவிட வேண்டும் என்று திட்டமிட்டேன். (அந்த இடத்தில் மற்றவர்கள் மிளகாய்ச் செடி வைப்பார்கள். நமக்குத்தான் எதையும் சிறிதாகச் செய்யத் தெரியாதே.)

காரணம் இருந்தது. பங்குனி உத்திரத்தன்று எங்கள் பகுதி முருகன் கோயிலில் திருக்கல்யாணம் நடக்கும். அன்று சுவாமிக்குச் சாத்தும் மணமாலை என் வீட்டு மலர்களால் ஆனதாக இருக்க வேண்டும் என்று கோயில் குழுவிடம் மூன்று ஆண்டுகள் மன்றாடினேன். கூட்டங்களில் என் பேச்சு நின்றால் போதும் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒப்புக்கொண்டார்கள். இந்த ஆண்டு மாலை நன்றாக அமைந்தால் இனி ஆண்டுதோறும் அந்தக் கைங்கரியம் எங்கள் குடும்பத்துக்கே என்றார்கள். அக்காலத்தில் என் உயிர் அந்த ஒரு வாக்கியத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

கட்டம் போட்ட தாளில் வரைபடம் வரைந்தேன். கிழக்கே செவ்வரளி, வடக்கே வெட்சி, நடுவில் மல்லிகை, தென்புறம் மாலையில் இடையிட்டுக் கட்ட மருவும் மரிக்கொழுந்தும் திருநீற்றுப்பச்சையும். என் மனைவி சுலோச்சனா முறத்தை மடியில் வைத்துக்கொண்டே அதைப் பார்த்தாள்.

“இதுல கொத்தமல்லி, பொதினா எங்க?”

“இது இறைவனுக்குரிய தோட்டம்.”

“இந்த ஊட்ல சாமி மட்டுந்தான் துன்னுதா?”

நான் செவ்வரளிக் கட்டத்துக்குச் சிவப்பு மை தீட்டினேன்.

“சரி, என் தலைக்கு ரெண்டு மல்லிச் செடியாவது வெச்சிக்க உடுங்க.”

துவைக்கும் கல்லுக்குப் பின்னால், கழிவுத் தொட்டியின் ஓரத்தில் மூன்று அடி ஒதுக்கினேன். வரைபடத்தில் அவ்விடத்துக்கு ‘இதர’ என்று தலைப்பிட்டேன். முப்பத்தெட்டு ஆண்டு இல்லறத்துக்கு நான் வழங்கிய தலைப்பு அது.

இறைவனுக்குரிய மலரை மனிதர் முகரலாகாது. இது பழைய வழக்கம். பூத்தொடுப்போர் சிலர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வதும் உண்டு. நான் அதை மேலும் நீட்டினேன். செடி நட்ட நாள் முதலே தோட்டத்தில் கால் வைப்பவர் எவராயினும் மூக்கில் துணி கட்ட வேண்டும் என்று விதித்தேன். என் துணியின் மடிப்பில் பச்சைக் கற்பூரமும் வைத்துக்கொண்டேன். மலரை வண்டு தொடுமுன் பறிப்பதே சிறப்பு என்று படித்திருந்ததால், துண்டைச் சுழற்றித் தேனீக்களை விரட்டிக்கொண்டிருந்தேன். பாடல்களில் வண்டுகள் இசைபாடும். என் தோட்டத்தில் அவற்றுக்கு அனுமதி இல்லை.

மாசி முடிந்தது. மொத்தம் பதினொரு மொட்டுகள். ஒரு மணமாலைக்கு ஆயிரம் பூவாவது வேண்டும். பதிகம் பாடினேன், மண்ணைக் கிளறினேன், மறுபடியும் எண்ணினேன். பதினொன்றுதான்.

சுற்றுச்சுவருக்கு அப்பால் எஸ்தர் என்ற பெண்மணி குடியிருந்தார். கணவர் உருக்காலையில் வேலை பார்ப்பவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் அனுப்பும் கேக்கை, முட்டை இருக்குமே என்று புன்னகையோடு திருப்பி அனுப்புவது என் வழக்கம். ஆனால் அவர் வீட்டுக் கத்தரிச் செடி சுவரையும் தாண்டி நின்றது. அந்தக் கத்தரியைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தூக்கமே போயிற்று. ஒருநாள் அவரே ஒரு பழைய இரண்டு லிட்டர்க் குடிநீர்ப் பாட்டிலில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்றைச் சுவர் மேல் வைத்தார்.

“இன்னா சார், செடிங்க இப்படி நோஞ்சானா கீது? இத்த ஊத்துங்க. பத்து லிட்டர் தண்ணிக்கு ஒரு மூடி. நான் ஊட்லயே செஞ்சது. இதுல இன்னா போட்டுகீறேன்னா...”

“இயற்கையானதுதானே?”

“இயற்கைதான் சார். ஆனா நீங்க வந்து...”

“அது போதும் அம்மா.”

ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது தலைமை எழுத்தருக்குப் பழக்கமில்லாத ஒன்று. ஒரு மூடி என்ற அளவும் எனக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது. இறைவனிடத்தில் அளந்தா அன்பு செலுத்துவது? வாளிக்கு அரை டம்ளர் கலந்து, இலை, மொட்டு, பூ என்று ஒன்று விடாமல், காலையும் மாலையும் தெளித்தேன். பத்தே நாளில் செடிகள் மொட்டுகளால் வெடித்தன. என் பாடலுக்கு இரங்கித்தான் அவை பூத்தன என்று உறுதியாக நம்பினேன்.

தெருவில் ஏதோ வாடை அடிக்கிறது என்று பேச்சு எழுந்தது. தொழிற்பேட்டைக் காற்றுக்கு எதிராக நானே அதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதினேன். முதல் கையொப்பமும் என்னுடையதே.

உத்திரத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் சுலோச்சனா அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

“ஏங்க, அந்த மல்லியில கவுச்சி வாடை அடிக்குதுங்க.”

“முகர்ந்தாயா?”

“மூக்குனு ஒண்ணு கீதே, இன்னா செய்றது. கழட்டி வெச்சிட்டா வர முடியும்?”

அவள் சொன்னதைச் செய்தியாக எடுத்துக்கொள்ளாமல் குற்றமாக எடுத்துக்கொண்டேன். பிராயச்சித்தமாக ஒரு பதிகத்தைப் பதினொரு முறை ஓதச் சொன்னேன். வாசலைப் பெருக்கிக்கொண்டே ஓதினாள். ஒவ்வோர் அடியின் முடிவிலும் துடைப்பம் தரையில் ஓங்கி விழுந்தது. அதோடு விடவில்லை. உன் மூக்குக்குப் பக்குவம் இல்லை, இனித் தோட்டத்துக்குள் வராதே என்றேன்.

“சரிங்க” என்றாள். அந்த வாரத்தில் அவள் என்னிடம் பேசிய கடைசிச் சொல் அதுதான்.

உத்திரத்தன்று விடியலில் மலர் பறித்து, நானே தொடுத்து, பித்தளைத் தாம்பாளத்தில் வைத்துப் பட்டுத்துணி மூடி, என் மூக்குத் துணியை அவிழ்க்காமலே கோயிலுக்கு நடந்தேன். தெருமுனையில் ஒரு பூனை பின்தொடர்ந்தது. இரும்புக் கடையருகே இரண்டு ஆயிற்று. கோயில் குளத்தை அடைகையில் ஐந்து. அருள் பெற்ற இசைக்கு ஐயறிவு உயிர்களும் வசமாகும் என்பது நான் அறிந்ததே. ஆகவே குரலை இன்னும் உயர்த்திப் பாடினேன். (இந்த இடத்தை என் மகன் குமரன் நடித்துக் காட்டாத திருமண வீடு எங்கள் உறவில் இல்லை.)

‘மனிதர் முகராத மலர்களால் தொடுத்த மாலை’ என்று நானே எழுதிக் கொடுத்திருந்த அறிவிப்பை ஒலிபெருக்கியில் மூன்று முறை வாசித்தார்கள். குருக்கள் மாலையைச் சாத்தினார். தீபங்களின் வெம்மை ஏறியது. மந்திரத்தின் நடுவே அவர் குரல் அறுந்தது. பெண்கள் வரிசையில் முந்தானைகள் ஒவ்வொன்றாக மூக்குக்கு ஏறின. கூட்டத்தில் எவரோ சொன்னார்:

“இன்னா நைனா இது, சாமி கல்யாணத்துல கருவாட்டு வாடை அடிக்குது?”

பூனைகளுள் ஒன்று மணமேடையில் ஏறிற்று.

குருக்கள் மாலையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “அந்தத் துணிய அவுத்துட்டு நீங்களே ஒரு தடவ மோந்து பாருங்கோ சார்.”

துணியை அவிழ்த்தேன். ஒன்றரை மாதத்தில் முதன்முறையாக என் தோட்டத்து மலரை முகர்ந்தேன். மல்லிகையின் உருவில் ஒரு மீன்கூடை என் கைகளில் இருந்தது.

“இன்னாத்த ஊத்துன செடிக்கு?” என்று குழுத் தலைவர் கேட்டார். அளவு மீறியது நான். சொல்ல வந்ததைக் கேளாமல் தடுத்தது நான். ஆனால் என் வாயில் வந்தது இது: “பக்கத்து வீட்டு எஸ்தர்தான் கொடுத்தாள்.” அதுவரை ‘அம்மா’ என்று அழைத்த வாய் ஒரு நொடியில் ‘கொடுத்தாள்’ என்றது. ஒலிவாங்கி அணைக்கப்படாமல் அருகில் இருந்தது. ரயில் நிலையம் வரை கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கிகள் அத்தனையும் அந்தப் பெயரைச் சொல்லின.

சுவாமிக்கு மறுபடியும் திருமஞ்சனம் செய்தார்கள். முகூர்த்தம் தவறியது. பேருந்து நிலையத்துப் பூக்கடை மாலையோடு திருமணம் நடந்தது. சுவாமி மேல் கிடந்ததால் குப்பையில் இடவும் முடியாமல், வீட்டுக்குள் கொண்டுபோகவும் முடியாமல், என் மாலையைச் சுமந்துகொண்டு குளக்கரையைச் சுற்றினேன். பூனைகள் மட்டும் என்னைக் கைவிடவில்லை.

நண்பகலில் எஸ்தர் எங்கள் வாயிற்கதவருகே வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“சமைச்சிகினு இருந்தேன் சார். மைக்குல எம் பேரு கேட்டுச்சி. அது மீனும் வெல்லமும் ஊறப் போட்டது. நீங்க சுத்த சைவமாச்சே, வேணுமா வேணாமானு கேக்கத்தான் வாயெடுத்தேன். போதும்னுட்டீங்க. ஒரு மூடி சொன்னேன், பாட்டிலையே காலி பண்ணிகீறீங்க.”

மன்னிப்பு என்ற சொல்லுக்குத் தமிழில் எத்தனை பழஞ்சொற்கள் உண்டு என்பதை நான் அறிவேன். இறைவனிடம் அவை அனைத்தையும் நாள்தோறும் பாடுகிறவன். அந்தப் பெண்மணியிடம் நான் சொன்னது: “பாட்டிலைக் கழுவித் தந்துவிடுகிறேன்.”

“வேணாம் சார்” என்று திரும்பிப் போனார். சுவரருகே அதன்பின் அவர் நின்றதில்லை.

உனக்கு முன்பே தெரியுமே, காலையில் ஏன் தடுக்கவில்லை என்று சுலோச்சனாவைக் கேட்டேன். “பக்குவம் இல்லாத மூக்குங்க என்னுது” என்று சொல்லிவிட்டு எனக்கு மோர் ஊற்றினாள். இன்றும் எங்கள் வீட்டில் பால் திரிந்தாலும் சாக்கடை அடைத்தாலும் குமரன் ஒரு வெள்ளைத் தாளை என் முன் வைத்து, “அப்பா, ஒரு மனு எழுதிடுங்க” என்பான். மருமகள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன், சிரிக்காவிட்டால் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்குவான்.

கோயில் குழு அந்த மாதமே ஒரு விதி செய்தது. வெளியிலிருந்து வரும் எந்தப் பூவும் முகர்ந்து பார்த்த பின்னரே உள்ளே செல்ல வேண்டும். செருப்புக் காக்கும் அஞ்சலை அந்தப் பொறுப்பை ஏற்றாள். மனிதர் முகராத மலர் வேண்டும் என்று நின்றவனால், அந்தக் கோயிலில் மனிதர் முகராத மலர் ஒன்றுகூட இறைவனை அடைவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் நானும் கூடையோடு வரிசையில் நிற்கிறேன். மற்றவர் பூவை அஞ்சலை ஒருமுறை முகர்கிறாள். என் பூவை, கடையில் வாங்கியதே ஆனாலும், இரண்டு முறை.