சாப்பாட்டுக்கு முன் வரும் மயக்கம்

கண்ணைத் திறந்தபோது எதிரில் ஒரு தம்ளர் சர்க்கரைத் தண்ணீர் இருந்தது. தம்ளருக்குப் பின்னால் பேக்கிங் அக்காவின் முகம் இருந்தது.

"குடிங்க தம்பி. தலை அப்படியே தொங்கிப் போச்சே."

டெஸ்பாட்ச் கிளார்க்குக்குத் தலை தொங்கவில்லை. அவர் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்.

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அந்தக் குடோன் கேன்டீனில் அவர் சாப்பாட்டுக்கு ஜெபம் பண்ணியதில்லை. வீட்டில் பண்ணாமல் ஒரு வாய் வைக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை போதகர் மேடையிலிருந்து, வீட்டுக் கூரைக்குக் கீழே ஒரு ஆண்டவர், ஆபீஸ் கூரைக்குக் கீழே வேறு ஆண்டவரா என்று கேட்டுவிட்டார். பக்கத்தில் இருந்த மனைவி முழங்கையால் இடித்தாள். அந்த இடி திங்கட்கிழமை மதியம் வரை வலித்தது. வலி பொறுக்காமல்தான் டப்பாவைத் திறந்து கண்ணை மூடினார்.

'ஜெபம் பண்ணினேன் அக்கா' என்று சொல்ல மூன்றே வார்த்தை. தொண்டை வரை வந்தது. ஆனால் கேன்டீன் முழுக்கத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. மதம், அரசியல், விளையாட்டு மூன்றையும் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே வரவேண்டும் என்பது மேனேஜரின் உத்தரவு. அந்த மேனேஜர்தான் அடுத்த வாரம் யார்டு சூப்பர்வைசரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார். கிளார்க்குக்குத்தான் கிடைக்கும் என்று ஊழியர்கள் மத்தியில் பேச்சு.

"லேசா அசதி அக்கா," என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தார்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஆண்டவர்கிட்ட பேசினதுக்கு அசதின்னு பேர் வச்சிட்டு வந்திருக்கீங்க," என்றாள். "நாளைக்கு நீங்க கூப்பிடறப்ப அவர் எனக்கு அசதியா இருக்குன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?"

மறுநாள் கண்ணை மூடாமல் ஜெபம் பண்ணுவது என்று முடிவெடுத்தார். டப்பாவைத் திறந்து, சாப்பாட்டையே உற்றுப் பார்த்தபடி மனதுக்குள் ஆரம்பித்தார். எதிரில் இருந்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் வாய்க்குப் போன கையை நிறுத்தி, அவர் முகத்தையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் டப்பாவை இவர் பக்கம் தள்ளினான்.

"கல்யாணமான புதுசுல நானும் இப்படித்தான் சார், பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பேன். போகப் போகப் பழகிடும். இன்னைக்கு இதைச் சாப்பிடுங்க."

மனைவியின் சமையலைக் கிளார்க் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த ஒன்றில் அவருக்குத் தைரியம் உண்டு. சமையல் அருமைதான், தனக்குத்தான் சாப்பாட்டைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்றார். சமையல் தப்பித்தது. தலைசுற்றல் நிலைத்துவிட்டது. டீ நேரத்துக்குள் லோடிங் ஆட்கள் வரை செய்தி போனது. ஒருவர் குடல் என்றார், ஒருவர் ஈரல் என்றார். பேக்கிங் அக்கா தன் மாமனாருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று சொல்லி, மீதியைச் சொல்லாமல் போய்விட்டார்.

புதன்கிழமை அவர் மேசைக்கு அடியில் போனார்.

நல்ல யோசனைதான். ஷூ கயிறை வேண்டுமென்றே அவிழ்த்துவிட்டு, கட்டுவது போலக் குனிந்து, குனிந்த இடத்திலேயே சுருக்கமாக நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் யாரும் பார்க்கவில்லை என்றதும் மனம் இளகிவிட்டது. சாப்பாட்டில் ஆரம்பித்து, சூப்பர்வைசர் வேலைக்குப் போய், மனைவிக்குக் கொஞ்சம் சாந்தம் கேட்டு, மாமியாரின் முழங்கால் வலிக்கு வந்தபோது யாரோ அவர் இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

தூக்கிப் பெஞ்சில் படுக்க வைத்தார்கள். ஒருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். டிரைவர் ஷூவைக் கழற்றி உள்ளங்காலைத் தேய்த்தான். தன் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேனேஜர் எழுந்து வந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நின்றார்.

"உண்மையைச் சொல்லுப்பா. உடம்புக்கு என்ன பண்ணுது?"

ஆண்டவரே எடுத்துக் கொடுத்தது போன்ற கேள்வி. கேன்டீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

"காலையில சாப்பிடலை சார்."

"மூணு நாளாவா?"

"வீட்டம்மாகிட்ட நான் பேசறேன் சார்," என்றார் பேக்கிங் அக்கா.

மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பக்கத்தில் உட்கார்ந்து தணிந்த குரலில் சொன்னார். யார்டில் நாள் முழுக்க ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறது. மயங்கி விழுகிறவரை நடுவில் நிறுத்த முடியாது. கம்பெனி நர்ஸ் நல்ல உடம்பு என்று சொன்னால் வேலை உனக்கு. இல்லாவிட்டால் ஸ்டோர்ஸ்காரருக்கு.

நர்ஸின் அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அவர் ரத்த அழுத்தம் பார்த்தார். இமையை இழுத்து டார்ச் அடித்தார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. கிளார்க்குக்கு அதுவும் நல்லதாகப் படவில்லை. ஒரு வியாதியும் இல்லாமல் மேசைக்கு அடியில் கிடந்தவனை என்னவென்று சொல்வார்கள்?

"நான் சொல்றேன், சரியான்னு பாருங்க," என்றார் நர்ஸ். "டப்பாவைத் திறந்ததும் தலை குனியுது. கண்ணு தானா மூடுது. உதடு லேசா அசையுது. கொஞ்ச நேரத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி சாப்பிட ஆரம்பிச்சிடறீங்க. டீ குடிக்கும்போது வராது."

கிளார்க் அசந்துபோனார். அவர் இதில் ஒன்றைக்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்ச கேஸ்தான். நரம்புக் கோளாறு. யார்டு வேலையெல்லாம் உங்களுக்குச் சரிப்படாது."

நரம்பு என்றால் வேலை போச்சு. ஜெபம் என்றால் மேனேஜரின் உத்தரவு இருக்கிறது, அப்போதும் போச்சு. எப்படியும் போகிற வேலைக்கு எதற்குப் பொய் என்று அவருக்குத் தோன்றியது.

"இது கோளாறு இல்ல சிஸ்டர். நான் கிறிஸ்தவன். சாப்பிடறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டேன். அவ்வளவுதான். மேனேஜர்கிட்டயும் இதையே சொல்லிடுங்க."

சொன்னதும் உடம்பு லேசானது. வேலை போன துக்கத்தையும் மீறி நன்றாகப் பசித்தது.

நர்ஸ் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். மாத்திரைகள் அடுக்கியிருந்த சுவரலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்படின்னா, இதே மயக்கத்துக்கு உங்க மேனேஜர் ரெண்டு வருஷமா ஏன் தம்பி என்கிட்ட மாத்திரை வாங்கிச் சாப்பிடறாரு?"