சாவியோடு ஒரு டம்ளர் உறைமோர்

திருத்தணியில் வாடகைக்குக் குடியிருப்பவர்களின் வயிற்று நிலவரம் மலைமேல் இருக்கும் முருகனுக்கு அடுத்தபடியாக முழுதும் தெரிந்தவர் டூலெட் அண்ணன்தான். முருகனுக்காவது ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டத்தில் ஓரிரு வயிறு விட்டுப்போகும். அண்ணனுக்கு விட்டுப்போகாது.

அவர் வீட்டுத் தரகர். மொபெட்டின் முன்னால் 'டூலெட்' என்று எழுதிய தகரம் தொங்கும், அதனால் அந்தப் பெயர். பொதட்டூர்பேட்டை லுங்கி, சட்டைப் பை நிறையச் சாவிகள். அரக்கோணத்துக்கு வேலை மாற்றலாகி, திருத்தணியில் வீடு தேடி நானும் என் மனைவியும் அவர்முன் போய் நின்றோம். எத்தனை அறை வேண்டும், எவ்வளவு வாடகை தாங்கும் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"சார், மோஷன் எப்பிடி போவுது?"

என் மனைவி சட்டென்று மலைப்பக்கம் திரும்பிக் கும்பிடத் தொடங்கிவிட்டாள்.

"நாங்க வீடு பாக்க வந்தோங்க."

"ஆங், நானும் வூட்டத்தான் கேக்கறேன். உள்ள கீற வூடு. அத்த மொதல்ல சொல்லுங்க."

சொன்னேன். அந்த வெயிலில் நின்றுகொண்டு அவரோடு வாதாட யாரால் முடியும்?

அண்ணனின் தரகு அனுபவம் முழுவதும் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. "வயிறுன்றது லைன் வூடு சார். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாங்க கோடிக்கணக்குல குடித்தனம் பண்ணுது. நல்ல ஜனங்க. நாம துன்றத்த அரைச்சும் குடுத்து, வாசல்ல காவலும் காக்குறாங்க. நாம இன்னா பண்றோம்? தும்மல் வந்தா நாமளா போய் ஆன்டிபயாடிக் வாங்கி முழுங்கறோம். அல்லாரும் காலி! காலி வூட்டுக்கு மொதல்ல எவன் வருவான்? ரவுடிதான் வருவான்."

எங்கள் மாடியில் குடியிருந்த இளைஞன், நல்ல பாக்டீரியா அடைத்த விலை உயர்ந்த கேப்சூல் ஒன்றை அவரிடம் பெருமையாகக் காட்டினான். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆள கொண்டாந்து வுட்டுட்டே, சரி. அவனுக்கு சோறு? புரோட்டாவையே தள்ளிகினு இருந்தா அவன் இன்னாத்த துன்னுவான்? கீரை, வாழத்தண்டு, கேவுரு கூழு போடு. அப்பதான் தங்குவான்." மறுநாள் காலை அந்தப் பையனின் பைக்கில் ஒரு கட்டு முளைக்கீரை கட்டியிருந்தது. அவன் பார்ப்பதற்குள் குரங்கு வந்து தின்றுவிட்டது. "பரவால்ல, அதுவும் வயிறுதானே," என்றார் அண்ணன்.

யாருக்கு வீடு பிடித்துக் கொடுத்தாலும் சாவியோடு ஒரு டம்ளர் உறைமோரும் கொடுப்பார். கல்யாணமாகி வந்தபோது அவர் மனைவி ஆந்திரப் பக்கத்துப் புத்தூர் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த உறை அது. அந்த அம்மாள் இறந்துபோன பிறகும் ஒரு நாள் விடாமல் பால் உறைகுத்தி, அந்தத் தயிரை அவர் காப்பாற்றி வந்தார். "வூட்ட மாத்திக்கோங்க சார். உறைய மட்டும் மாத்தாதீங்க," என்று டம்ளரைக் கையில் வைத்து அழுத்துவார். அவரைப் பார்த்துச் சிரிக்கிற ஊர்கூட அந்த இடத்தில் சிரிக்காது.

அவருக்கு ஒரே விரோதி, மனைவியின் தம்பி. மருந்துக்கடை வைத்திருப்பவர், ஊருக்கு அவர் மெடிக்கல் நைனா. அக்கா போன பிறகு இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. ஆனால் அண்ணன் அந்தக் கடை வாசலில்தான் நிற்பார், மாத்திரை வாங்க வருகிறவர்கள் வழியாகப் பேச்சு நடக்கும். ஒரு நாள் காய்ச்சலோடு வந்த ஓர் அம்மாளிடம் அண்ணன் ஆரம்பித்தார்.

"ஏம்மா, டாக்டர் சீட்டு இல்லாம மாத்திரை தராதேன்னு அந்த ஆளாண்ட சொல்லு."

"யாவாரத்தக் கெடுத்துகினு நிக்காதேன்னு அந்த ஆளாண்ட சொல்லும்மா."

"உறைமோர் வேணுமான்னு கேளு."

"எனக்கு வாணாம்னு சொல்லு."

அந்த அம்மாள் இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லி வியர்த்து, காய்ச்சல் விட்டு வீட்டுக்குப் போனாள்.

போன வருடம் ஒரு காலி வீட்டைத் திறந்து காட்டப் போன அண்ணனின் காலில் துருப்பிடித்த ஆணி ஏறிவிட்டது. கால் வீங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, வீரியமான ஊசிகள் போட்டார்கள். டாக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்துப் போனேன். சாதுவாகப் படுத்திருந்தார்.

"வூடு பத்தி எரியசொல்லோ தண்ணி ஊத்தித்தான் ஆவணும் சார். குடித்தனக்காரன் சாமான் நனையும், அப்பால பாத்துக்கலாம்."

கால் பிழைத்தது. வயிறு கெட்டது. தின்றதெல்லாம் ஓடியது. அதற்கும் வைத்தியம் பார்த்து நிறுத்தினார்கள். வீட்டுக்குப் போய்க் கஞ்சி, மோர் என்று மெல்ல மெல்லத் தேற்றிக்கொள்ளச் சொன்னார் டாக்டர். உடம்பில் பாதி ஆளாகத் திரும்பியவர், பூட்டியிருந்த வீட்டைத் திறந்தார். தயிர்ச்சட்டியில் கறுப்பாகப் பூசணம் பூத்திருந்தது.

அண்ணன் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "வயிறு தேறிடும் சார்," என்றார் கடைசியில். "இது போச்சுன்னா அவ இன்னொருவாட்டி செத்த மாதிரி."

அவர் சாவி கொடுத்த வீடுகளுக்கெல்லாம் என் மனைவி ஏறி இறங்கினாள். எங்கள் வீடு உட்பட ஒரு வீட்டிலும் அந்த உறை இல்லை. ஊருக்குப் போனபோது புளித்துப்போனது, பூனை உருட்டியது என்று ஆளுக்கொரு கதை. எல்லா வீட்டிலும் பாக்கெட் தயிர்தான். ஆனாலும் அவர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், அதையே டம்ளரில் ஊற்றி எடுத்து வந்தார்கள். அண்ணன் ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இது பாக்கெட்டு. இதுவும் பாக்கெட்டு. இது பாக்கெட்டு, தெரியக்கூடாதுன்னு வெங்காயம் போட்டுகீது."

"மெடிக்கல் நைனா வீட்ல கேட்டுப் பாக்கலாமா அண்ணா?" என்றாள் என் மனைவி.

"மெடிக்கல்காரன் வூட்ல பாக்டீரியா எங்கம்மா உயிரோட இருக்கும்?"

அவள் விடவில்லை. கடைக்குப் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தாள். ஆடிக் கிருத்திகைக்கே ஷட்டரை இறக்காத நைனா, அன்று பொழுது சாய்வதற்குள் கடையை மூடினார். மூடி போட்ட எவர்சில்வர் டம்ளரோடு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"விளக்கு வச்சிட்டா தயிர் குடுக்கக் கூடாதுன்னு ஓடியாறேன். பிடி பாவா."

பல வருடங்களுக்குப் பிறகு, அக்கா புருஷனைப் 'பாவா' என்று கூப்பிட்டு வந்த முதல் நேர்ப்பேச்சு. அண்ணன் வாங்கி, ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்கம்மா வூட்டுச் சட்டி பாவா. அக்கா கொண்டாந்தது இதுலருந்துதான். நானும் அத்த விடாம உறைகுத்திகினு வரேன்."

"அப்பறம் ஏன்டா நான் குடுத்தப்பல்லாம் வாணாம்னே?"

"எங்க வூட்டுத் தயிர எனக்கே தானம் பண்ணா?"

அண்ணன் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு, மச்சானை ஏற இறங்கப் பார்த்தார். யாரையும் நடுவில் வைக்காமல் நேராகவே கேட்டார்.

"நைனா, ஒனக்கு மோஷன் எப்பிடி போவுது?"

"நல்லா போவுது பாவா," என்று சொல்லிவிட்டு நைனா அழுதார்.

அண்ணன் இப்போது தேறிவிட்டார். காலையில் நான் ஸ்டேஷனுக்கு ஓடும்போது மொபெட்டை நிறுத்தி, அரக்கோணம் ரயிலுக்கு நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி அதே கேள்வியைக் கேட்கிறார். நானும் கூச்சமில்லாமல் உரக்கப் பதில் சொல்கிறேன். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாள்களில் என்னை யாரும் அதைக் கேட்கவில்லை. அதன் பிறகு, அவர் மொபெட் வரத் தாமதமானால் நான் ரயிலை விட்டுவிட்டு நிற்கிறேன்.