ஆசீர்வாதம் வாசலில் வழங்கப்படும்

அன்பிற்குரிய மைத்துனனுக்கு, உன் அத்தான் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம். அந்த 'எல்லோரும்' என்பதில் யார் யார் அடக்கம் என்பதைக் கடிதத்தை முழுக்கப் படித்தபின் நீயே முடிவு செய்துகொள். உன் நலத்தை நான் கேட்க வேண்டியது முறைதான்; ஆனால் உன்மேல் எனக்கு வருத்தம், அதனால் கேட்கப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை நீ இந்த ஆலயத்துக்கு வந்தாய். கசங்கிய வெள்ளைச் சட்டை, தோளில் கறுப்புப் பை, கடைசி வரிசை. நான் கை அசைத்தேன். நீ மூக்கைச் சிந்திக்கொண்டு நேரே பார்த்தபடி நின்றாய். ஜலதோஷம் என்றால் மருந்து சாப்பிடு, அதற்காக அக்கா புருஷனை யாரோ போல விட்டுவிட்டுப் போவதா? போகட்டும். காகிதத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே. காணிக்கை உறைகளைப் பிரித்து உள்பக்கத்தில் எழுதுகிறேன். பெஞ்சில் கைக்கு எட்டியது இதுவும் ஒரு பென்சில் துண்டும்தான். எழுந்து போய் நல்ல காகிதம் எடுத்து வரலாம், ஏனோ சோம்பலாக இருக்கிறது.

இந்த ஆயர் மாப்பிள்ளை என் மகளுக்கு நீ பார்த்துக் கொண்டுவந்தவர் என்பதை உனக்கு நினைவுபடுத்துகிறேன். அவர் முதன்முதலில் நம் வீட்டுக்கு வந்த அன்று, "சம்பளம் எவ்வளவு தம்பி?" என்று கேட்டேன். குடிநீர் அலுவலகத்தில் வேலைக்காலம் முழுக்க அடுத்தவர் சம்பளப் பட்டியலைப் போட்டே கண் கெட்டவன் வேறு என்ன கேட்பான்? "ஆண்டவர் பார்த்துக்குவார் மாமா" என்றார். "மாசத்துல எந்தத் தேதியில பார்த்துக்குவார்?" என்றேன். நீ மேசைக்கடியில் என் காலை மிதித்தாய். அதற்குப் பிறகு ஆயர் உத்தியோகத்தின் எதிர்காலத்தை நானே ஆராய்ந்து தெரிந்துகொண்டேன். படிப்பு டாக்டர் படிப்பளவு நீளம். முடித்ததும் உதவி ஆயர், அதில் உதவி உண்டு, ஊதியம் கிடையாது. பிறகு மூன்று சபைகளுக்குச் சேர்த்து ஒரே ஆயர், அவருக்கு ஒரே மோட்டார் சைக்கிள், பெட்ரோல் போட வேண்டியது யார் என்று மூன்று சபைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். கல்யாணம், அடக்கம் என்றால் ஆயர் கையில் ஏதோ வைப்பார்கள், நம்மவர் அதை வைத்தவர் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு வருவார். குருமனை என்று ஒரு வீடு தருவார்கள், கூரை சபையுடையது, ஒழுகுகிற இடத்தில் வைக்கிற பாத்திரம் நம்முடையது. ஒருமுறை நான் போயிருந்தபோது, நான் பார்க்கவில்லை என்று நினைத்து என் மகள் குழந்தையின் பாலில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கினாள். அதன் பிறகுதான் நீ வேலை பார்க்கிற திருச்சபைத் தலைமை அலுவலகத்துப் படியேறி, மானத்தை விட்டு, சம்பளம் நன்றாக உள்ள சபையாகப் பார்த்து அவரை மாற்றச் சொன்னேன்.

நீயும் மாற்றிக் கொடுத்தாய். குறையே சொல்ல முடியாது. ஒழுகாத வீடு, வற்றாத குழாய், மாதம் பிறந்தால் சம்பளம். நியமன உத்தரவில் ஒரே ஒரு விசித்திரமான நிபந்தனை: ஆசீர்வாதம் வாசலில் வழங்கப்படும். மற்ற ஊர்களில் ஆராதனை முடிகிறபோது ஆயர் கையை உயர்த்தி ஆசீர்வாதம் சொல்வார், ஜனங்கள் கலைந்து போவார்கள். அதைக் கேட்காமல் யாரும் எழுந்து போகக் கூடாது என்பது உனக்கே தெரியும். இங்கே என்னவென்றால், கடைசிப் பாட்டு முடிந்ததும் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் ஆயர் வெளியே நின்று கையை உயர்த்த வேண்டும். மழையானாலும் அப்படித்தான், குடை பிடித்துக்கொண்டு. சபையில் வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், எல்லோரும் வலப்பக்கத்துப் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்காருவார்கள். இடப்பக்கம் முழுக்கக் காலி, ஆனால் பெஞ்சுகள் பளபளவென்று துடைத்திருக்கும், ஒவ்வோர் இடத்திலும் ஒரு பாமாலைப் புத்தகம். பாட்டு எடுத்தால் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ரீங்காரம் வரும். சபைச் செயலரிடம் கேட்டேன். "மின்விசிறி சார், பழசு" என்றார்.

ஒரு நாள் மத்தியானம், நல்ல வெயில் நேரம், ஒலிபெருக்கி சரியாக இல்லை என்று மாப்பிள்ளை சொன்னதால் நானே பிரசங்க பீடத்தில் ஏறிச் சோதித்தேன். ஆலயத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. மின்விசிறியும் ஓடவில்லை. "ஹலோ, ஹலோ" என்றேன். சரியாகத்தான் கேட்டது. சும்மா இருக்க என் வாய்க்குத் தெரியாதே, ஆயர் மாதிரி குரலை இழுத்து, வாயில் வந்த ஒரு பாமாலை எண்ணைச் சொல்லி, "பாடுவோம்" என்றேன். இடப்பக்கத்தில் அத்தனை புத்தகங்களும் திறந்தன. பக்கங்கள் சரசரவென்று புரண்டன. கடைசி வரிசையில் ஒரு புத்தகம் மட்டும் எண் கிடைக்காமல் முன்னும் பின்னும் தடுமாறிப் பிறகு சரியான பக்கத்தில் நின்றது. அப்புறம் அமைதி. நான் ஆரம்பித்துக் கொடுப்பேன் என்று காத்திருக்கிற அமைதி. எனக்கோ பாட்டு சுத்தமாக வராது. பீடத்திலிருந்து எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியவில்லை, முழங்கால் வலி அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

செயலர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து விஷயத்தைச் சொன்னார். பல வருஷங்களுக்கு முன் இங்கிருந்த ஆயர், ஆராதனை முடிவில் ஆசீர்வாதம் சொல்லக் கையை உயர்த்தியவர், உயர்த்திய கையோடு சரிந்துவிட்டார். தூக்கிக்கொண்டு ஓடினார்களே தவிர அன்றைக்கு ஆசீர்வாதத்தை யாரும் சொல்லவில்லை. அன்று இடப்பக்கம் இருந்தவர்கள் பிற்பாடு ஒவ்வொருவராகக் காலமானார்கள். அடக்கம் செய்துவிட்டு வந்தால், அடுத்த ஞாயிறு அவரவர் இடத்தில் புத்தகம் திறக்கும்.

"அவங்களுக்கு ஆராதனை இன்னும் முடியல சார். எங்க சபையில சாவால வருகை குறையறதில்ல" என்றார் செயலர், பெருமையாகவே. வருகைக்கு ஏற்றபடி சபைக்குத் தரம், தரத்துக்கு ஏற்றபடி ஆயருக்குச் சம்பளம் என்பது உங்கள் அலுவலகத்து விதிதானே. "இது பொய்க் கணக்கில்லையா?" என்றேன். "படிவத்துல எத்தனை பேர்னு கேட்டிருக்காங்க. உயிரோடவான்னு கேக்கல. திறந்திருக்கிற புத்தகத்தை எண்ணி எழுதறேன், அவ்வளவுதான்." பிறகு குரல் இறங்கிவிட்டது. மூன்றாவது வரிசை ஓரத்தைக் காட்டி, "அது என் வீட்டுக்காரி சார். பக்கத்தோட முனையை மடிச்சு வைக்கிற பழக்கம் அவளுக்கு. இன்னிக்கும் மடிக்கிறா. உள்ளே ஆசீர்வாதம் சொல்லிட்டா அவ எழுந்து போயிடுவா" என்றார். அதற்கு மேல் அவரிடம் நான் சட்டம் பேசவில்லை.

இதைக் கேட்ட மாப்பிள்ளை என்ன சொல்லியிருக்க வேண்டும்? முன்னால் இருந்த ஆயர்களைப் போலச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றிருக்க வேண்டும். இவர் சாப்பாட்டில் கை வைத்தபடி யோசித்துவிட்டு, "மாமா, வர்ற ஞாயித்துக்கிழமை உள்ளேயே சொல்லிடப் போறேன்" என்றார். எனக்கு வந்ததே கோபம். சொல்லிவிட்டால் மிச்சம் யார்? வலப்பக்கத்து நாலு பேர். சபை கடைசித் தரத்துக்கு விழும், வீடு போகும், மறுபடி ஒழுகுகிற கூரை, தண்ணீர் விட்ட பால்.

"அவங்க களைச்சுப் போயிருக்காங்க மாமா" என்றார்.

"என்ன களைப்பு? உட்கார்ந்துதானே இருக்காங்க!"

"உட்கார்ந்தே இருக்கறதுதான் மாமா களைப்பு."

நான் விடவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தேன். என் மகள் சமையலறை வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தாள். சத்தியம் பண்ணச் சொன்னேன், அது வேதத்துக்கு விரோதம் என்றார். கடைசியில், "நீங்களா சரின்னு சொல்றவரைக்கும் உள்ளே சொல்ல மாட்டேன் மாமா" என்று வாக்குக் கொடுத்தார். அவர் வாக்கு உனக்குத் தெரியுமே, பத்திரம் போட்டுப் பதிவு செய்ததைவிடக் கெட்டி. தலை போனாலும் மீற மாட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் செயலர் ஒரு வார்த்தை சொன்னார், இன்னும் ஒரே ஒரு தலை கூடினால் சபை முதல் தரமாம். முதல் தரம் என்றால் சம்பளம் எங்கேயோ போய்விடும், குழந்தை படிப்புக்குத் தனிப்படி வேறு. வலப்பக்கத்தில் விருந்தாளி என்று என்னை எண்ணுவதில்லை, இடப்பக்கத்தில் திறந்த புத்தகம் எல்லாம் கணக்கு. "அந்தப் பக்கம் நான் உட்கார்றேன்" என்றேன். செயலர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் சார். உட்கார்ந்தாலும் ஆசீர்வாதத்துக்கு வெளியே வந்துடுங்க சார், கேக்காம இருந்துடாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பத்திரமாகப் போய்ப் பத்திரமாக வர எனக்குத் தெரியாதா? போன ஞாயிறு போய் உட்கார்ந்தேன். கடைசிப் பாட்டு முடிந்து எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். முழங்கால் விண்விண் என்று தெறித்தது, கூட்டம் நகரட்டும், மெல்ல எழலாம் என்று இருந்தேன். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே மாப்பிள்ளையின் குரல் முணுமுணுப்பாகக் கேட்டது, ஒரு வார்த்தையும் புரியவில்லை. நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது, உடனே சரியாகிவிட்டது. ஆச்சரியம் என்னவென்றால் முழங்கால் வலியும் அதோடு போயே போய்விட்டது.

அன்றிலிருந்து பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறேன். காற்று நன்றாக இருக்கிறது, பசி அதிகம் இல்லை. பக்கத்தில் இருப்பவர்களும் இப்போது தெளிவாகத் தெரிகிறார்கள், எல்லோரும் மரியாதையானவர்கள். செயலர் வீட்டம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகத்தின் முனையை மடித்தபடி இருக்கிறார். நீ வந்த செவ்வாய்க்கிழமை அடக்கம் யாருக்கு என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. என் இடத்திலிருந்து பெட்டிக்குள் காலணி மட்டும்தான் தெரிந்தது. நல்ல ரசனையுள்ள மனிதர், என்னுடையதைப் போலவே பழுப்பு நிறம், இடது காலில் அதே இடத்தில் தையல். மாப்பிள்ளை ஜெபத்தைச் சொல்ல முடியாமல் நடுவில் நின்று தேம்பித் தேம்பி அழுதார். ஓர் ஆயர் இப்படி அழலாமா? எந்த வேலைக்கும் ஒரு கட்டுப்பாடு வேண்டாமா? கடைசியில் வழக்கம்போல ஒரு காசுகூட வாங்கவில்லை. ஆசீர்வாதத்தைக் கல்லறையில் போய்ச் சொல்லிக்கொண்டார்கள். நீ அவரிடம் கண்டித்துப் பேச வேண்டும்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. செயலரின் படிவம் இந்த வாரம் உன் மேசைக்கு வரும், தலை ஒன்று கூடியிருக்கும். துருவிப் பார்க்காமல் முதல் தர உத்தரவில் கையெழுத்து வாங்கி அனுப்பு. உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் எல்லா நன்மையும் பெருகட்டும். அடுத்த முறை வந்தால் முகம் கொடுத்துப் பேசு.

இப்படிக்கு,
முழங்கால் வலி நீங்கிய உன் அத்தான்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் தள்ளு. படிவம் வந்தால் கிழித்துப் போடு. செவ்வாய்க்கிழமை யாருக்கு அடக்கம் என்று செயலர் வீட்டம்மாவிடம் இப்போதுதான் கேட்டேன். "உங்களுக்குத்தான் அண்ணே. எனக்கும் முதல்ல யாரும் சொல்லல" என்றார். எழப் பார்த்தேன், முடியவில்லை. உன் ஜலதோஷம் என்னவென்று புரிந்தது, மன்னித்துக்கொள். மாப்பிள்ளையையும் தப்பாக எழுதிவிட்டேன், சொந்த மாமனாருக்கு யாராவது காசு வாங்குவார்களா? அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் மனசு கஷ்டப்படுமேன்னு இருக்கேன் அண்ணே. எனக்குப் போகணும்." எனக்கும்தான். முதல் தரச் சம்பளம் ஒரு மாதமாவது வந்த பிறகு சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், பழக்கதோஷம். வேண்டாம். நீ உடனே போய் மாப்பிள்ளையிடம் சொல்: மாமா சரி என்று சொல்லிவிட்டார். உள்ளேயே சொல்லட்டும், இடப்பக்கம் திரும்பி, சத்தமாக. அவர் சொன்னதுதான் நிஜம், உட்கார்ந்தே இருப்பது பெரிய களைப்பு. பாலுக்கு நீ ஏதாவது பார்த்துச் செய். இந்த உறையை ஒட்டி மேலே 'தலைமை அலுவலகப் பங்கு' என்று எழுதி, பெஞ்சு ஓரத்தில் தொங்குகிற காணிக்கைப் பையில் போடுகிறேன், அதைச் செயலர் பிரிக்காமல் உனக்கு அனுப்பிவிடுவார், அந்த நாணயம் அவரிடம் உண்டு. சற்றுமுன் என் மகள் உள்ளே வந்தாள். வலப்பக்கம் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, "அப்பா" என்றாள். "இங்கேதாம்மா இருக்கேன், சரின்னு சொல்லிட்டேன்னு அவர்கிட்ட சொல்லு" என்று முழுத் தொண்டையில் கத்தினேன். அவள் ஏதோ ரீங்காரம் கேட்டதுபோலத் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். பிறகு எழுந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போய்விட்டாள்.